மாப்பிள்ளை அழைப்பில் ஒன்றரை லிட்டர்

ஆயில் மாற்றத் தெரியாத மெக்கானிக் என்று யாரையும் நான் பார்த்ததில்லை. கியர்பாக்ஸ் தெரியாது என்பான், ஏசி தெரியாது என்பான், வயரிங் என்றால் ஓடியே போய்விடுவான். ஆயில் மட்டும் எல்லோருக்கும் தெரியும். அடியில் திறந்துவிடு, மேலே ஊற்று, துணியால் கையைத் துடை. அவ்வளவுதானே என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரியும். போன வாரம் நான் பட்டறைக்கு வந்திருந்தபோது உங்களில் ஒருவர் தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு ஆயில் ஊற்றிக்கொண்டிருந்தார். பெயர் சொல்லவில்லை. சிவப்புத் தொப்பி போட்டிருந்தார். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கலாம், தடையில்லை.

நான் கடற்கரைக்காரன், சேதுபாவாசத்திரத்துப் பக்கம். அப்பா விசைப்படகுகளுக்கு எஞ்சின் பார்ப்பவர். ஐடிஐ முடித்துவிட்டுத் தஞ்சாவூர் வந்து, இதே பட்டறையில் முப்பத்திரண்டு வருஷம் கழித்தேன். அப்பாவிடமிருந்து எனக்கு வந்த சொத்து இரண்டு. ஒன்று மூக்கு. பழைய ஆயிலை விரலில் தொட்டுத் தேய்த்து முகர்ந்தால் டீசல் கலந்திருக்கிறதா, எரிந்து கருகியிருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். இன்னொன்று ஒரு பழக்கம். படகு கிளம்புமுன், எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது, ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவிப் பார்ப்பது. அளவு சரியாக இருந்தாலும் ஒரு கை கூட ஊற்றுவது. "கடல்ல கடை கிடையாதுடா" என்பார் அப்பா. எங்கள் பக்கத்துப் படகுக்காரர்கள் எல்லோருமே அப்படித்தான். குறைந்தால் நடுக்கடலில் நிற்க வேண்டும், கூடினால் கொஞ்சம் புகையும், அவ்வளவுதானே என்பது கணக்கு. இந்த இரண்டு சொத்தில் மூக்கு என்னை ஒருநாளும் கவிழ்த்ததில்லை.

பதினைந்து வருஷம் இருக்கும். எலும்பு முறிவு பார்க்கும் டாக்டரம்மா ஒருவர் நம் பட்டறைக்கு வர ஆரம்பித்தார். பூதலூர்ப் பக்கத்து மிராசுக் குடும்பம். நிலமெல்லாம் குத்தகைக்குப் போய், வீட்டில் ஆளுக்கொரு படிப்பு, ஆளுக்கொரு ஊர் என்று ஆகிவிட்டிருந்தது. டாக்டரம்மா மட்டும் தஞ்சாவூரிலேயே தங்கி ஆஸ்பத்திரி வைத்திருந்தார். அவர் பெங்களூரில் யாரோ வைத்திருந்த ஒரு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கித் தானே ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். வெளிநாட்டு வண்டி, இரண்டே கதவு, இடுப்பு உயரம்கூட இல்லை, எஞ்சின் பின்பக்கம். எலும்பு டாக்டர் இப்படி வண்டி வாங்கியது தொழிலை வளர்க்கத்தான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பாவம், அந்த வண்டிக்கு நம் ஊரில் ஓட ஏது இடம்? விடியற்காலையில் வல்லம் பைபாஸில் ஒரு சுற்று. மற்ற நேரமெல்லாம் வைக்கோல் ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால் உறுமிக்கொண்டு போவதுதான்.

முதல் ஆயில் மாற்றத்துக்கு அவரோடு அவருடைய பெரியப்பாவும் வந்தார். அப்பா இல்லாத வீடு அது, பெரியப்பாதான் எல்லாம். கணக்கு வாத்தியாராக இருந்து தலைமை ஆசிரியராக ஓய்வு பெற்றவர். நான் புது ஆயிலைத் திறந்து ஊற்ற ஆரம்பித்ததும் குனிந்து பார்த்தார்.

"என்ன தம்பி, தண்ணியாட்டம் ஓடுது? நம்ம ஊரு வெயிலுக்கு ஆயில் தேன் மாதிரி இருக்க வேணாமா? எங்க போர்செட் எஞ்சினுக்கு அப்படித்தான் ஊத்துவோம்."

உங்களிடமும் இந்தப் பெரியப்பா வருவார். ஒரத்தநாட்டிலிருந்து வருவார், திருவையாற்றிலிருந்து வருவார். சில சமயம் டிராக்டருக்கு வாங்கிய ஆயில் டப்பாவைக் கையோடு கொண்டுவருவார். சிரிக்காதீர்கள். அவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. வெயிலில் ஆயில் இளகும் என்பது நிஜம். ஆனால் காலையில் சாவியைத் திருப்பியதும் ஆயில் நிமிஷமாய் ஓடிப்போய் எஞ்சினின் மூலை முடுக்கெல்லாம் சேர வேண்டும். தேனைப் போல இருந்தால் அது புறப்பட்டு வருவதற்குள் உலோகம் உலோகத்தோடு உரசிவிடும். அதே ஆயில் எஞ்சின் கொதிக்கும்போது நீராகாரமாகவும் ஆகிவிடக் கூடாது. டப்பாவில் போட்டிருக்கும் இரண்டு எண்களும் இந்த இரண்டுக்கும்தான். அந்த இரண்டு எண்களை எஞ்சினைச் செய்தவன் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறான். நம் ஊர் வெயிலும் அவன் கணக்கில் உண்டு. இதையெல்லாம் நான் பெரியப்பாவுக்கு விளக்கினேன். கணக்கு வாத்தியார் அல்லவா, எண்களைச் சொன்னதும் அடங்கிவிட்டார். தலைமை ஆசிரியருக்கே பாடம் நடத்திவிட்டோம் என்று எனக்கு அன்று முழுக்கத் தலைகால் புரியவில்லை.

அப்போது ஸ்டோர்ஸில் ஒரு அக்கா இருந்தார். ஆயில், ஃபில்டர் எல்லாம் அவர் கையால்தான் வாங்க வேண்டும். வாழ்நாளில் ஸ்பேனரைத் தொட்டதில்லை. ஆனால் பட்டறைக்கு வரும் ஒவ்வொரு வண்டியின் புத்தகத்தையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிடுவார். எங்களுக்கு அது பெரிய தமாஷ். ராத்திரி தூங்கும்போது தலைக்கு அதைத்தான் வைத்துக்கொள்கிறாரா என்று கேட்போம். அன்றைக்கு ஆயிலைக் கொடுத்தபோது, இந்த வண்டியில் அளவு பார்க்கிற விதம் வேற, அந்தப் பக்கத்தையும் படிச்சுட்டுப் போ என்றார். ஆயில் அளவு பார்க்க எனக்குப் பக்கம் எதுக்குக்கா என்று கேட்டுவிட்டு வந்தேன். புத்தகத்தில் போட்டிருந்த லிட்டர் கணக்குப்படி ஊற்றினேன். கடைசியில் அளவு சரிபார்த்தவர் சூப்பர்வைசர். அந்த நேரத்தில் நான் டீ குடிக்கப் போயிருந்தேன். நான் தெரிந்துகொண்டிருக்க வேண்டிய ஒரே விஷயம் அந்த டீ நேரத்தில்தான் நடந்தது.

ஆறு மாதம் கழித்து டாக்டரம்மாவின் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானது. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரைக்கும் நாதஸ்வரத்தோடு ஊர்வலம். தம்பி, அக்கா வண்டியில்தான் வருவேன், அக்காதான் ஓட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார். பெரியப்பாவுக்குப் பிடிக்கவில்லை. பெண் ஓட்டி மாப்பிள்ளை வருவதா, அதுவும் இந்தத் தவளை வண்டியிலா, சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று ஒரு வாரம் வீட்டில் பேச்சு. கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். வாடகைக்கு ஒரு வெள்ளை வண்டி பின்னாலேயே வரும். இந்த வண்டி ஒரு இடத்தில் மக்கர் செய்தாலும் மாப்பிள்ளை மறுபேச்சுப் பேசாமல் அதில் ஏறிவிட வேண்டும்.

டாக்டரம்மா இதை என்னிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கடைசியில் மட்டும் சிரிப்பு இல்லை.

"வண்டி நின்னுச்சுன்னா வண்டியோட போகாதுண்ணே. அதுக்கப்பறம் அந்த வீட்டுல நான் எதுக்கும் வாயத் திறக்க முடியாது. அன்னைக்குக் காலையில வந்து ஒரு தடவ பாத்துடுங்க."

பார்த்துவிடுகிறேன் என்றேன்.

அன்று காலை போனேன். வீட்டில் எல்லோரும் மண்டபத்துக்குப் போயிருந்தார்கள். ஷெட்டில் வண்டி நின்றது. டயரில் காற்றுப் பார்த்தேன், பேட்டரி பார்த்தேன். பிறகு அப்பா சொத்தாகக் கொடுத்த பழக்கப்படி, ஆறிக் கிடந்த எஞ்சினில் குச்சியை உருவினேன். குச்சியில் ஆயில் இல்லை. துடைத்து மறுபடி விட்டு எடுத்தேன். நுனிகூட நனையவில்லை.

வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன், ஒரு சொட்டுக் கசிவு இல்லை. அப்படியென்றால் ஆறு மாதம் முன்னால் நான்தான் குறைவாக ஊற்றிவிட்டேன் என்று முடிவுக்கு வந்தேன். அந்த நிமிஷத்தில் நான் டாக்டரம்மாவுக்கு ஒரு போன் போட்டிருக்க வேண்டும். பட்டறைக்காவது போட்டிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? என் தப்பு யாருக்கும் தெரியாமல் இருக்க வேண்டும் என்று மட்டும் நினைத்தேன். பைக்கை எடுத்துக்கொண்டு ஸ்டோர்ஸுக்கு ஓடினேன். இரண்டு லிட்டர் ஆயில் கேட்டேன். எதுக்கு என்று அக்கா கேட்டார். சும்மா கையிருப்புக்கு, கல்யாண வண்டி பாருங்க என்றேன். அவர் என் முகத்தை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எடுத்துக் கொடுத்தார்.

திரும்பி வந்து ஒரு லிட்டர் ஊற்றினேன். குச்சியின் நுனியில் ஏதோ ஈரம் தெரிந்தது. இன்னொரு அரை லிட்டர் ஊற்றினேன். கடல்ல கடை கிடையாது. காலி டப்பாவை ஷெட்டுக்குப் பின்னால் வாழை மரத்தடியில் போட்டுவிட்டு, மிச்சத்தைப் பைக் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு, பெரிய ஆபத்திலிருந்து குடும்பத்தையே காப்பாற்றிவிட்ட நிம்மதியில் வீட்டுக்குப் போய் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

சாயங்காலம் எனக்கும் அழைப்பு இருந்தது. புது வேட்டி கட்டிக்கொண்டு பிள்ளையார் கோயில் வாசலுக்குப் போனேன். கூட்டம் சேர்ந்திருந்தது. நாதஸ்வரக்காரர்கள் வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள். டாக்டரம்மா பட்டுப் புடவையோடு வண்டியை ஓட்டிக்கொண்டு தெருமுனையில் திரும்பினார். அவருக்குப் பின்னால் தெருவே தெரியவில்லை. நீலமாக ஒரு புகை, கொசு மருந்து அடிக்கிற வண்டி போன மாதிரி. எரிந்த ஆயிலின் வாசனை எனக்கு இருபதடி தூரத்திலேயே வந்துவிட்டது. மூக்குதான் ஏமாற்றாதே.

அவர் உடனே எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினார். கூட்டம் சுற்றி நின்றது. பெரியப்பா வெள்ளை வண்டியின் டிரைவரைக் கைகாட்டி முன்னால் கூப்பிட்டார். காட்டுத்தனமா ஓட்டினா எந்த வண்டிதான் தாங்கும், நான் அன்னைக்கே சொன்னேன் என்று அவர் சொன்னதை அங்கே யாரும் மறுக்கவில்லை. நாலைந்து பேர் தலையை வேறு ஆட்டினார்கள். மாப்பிள்ளை மாலையோடு நடுவில் நின்று அக்காவையும் பெரியப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

எனக்கு என்ன நடந்திருக்கிறது என்று பாதி புரிந்துவிட்டது. ஆயில் கூடிப்போய் உள்ளே இழுத்து எரிகிறது. ஆனால் குச்சியே நனையாத எஞ்சினில் ஒன்றரை லிட்டர் ஊற்றினால் எப்படிக் கூடும் என்பது மட்டும் புரியவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். அசையாமல் நின்றேன்.

அப்போது டாக்டரம்மா என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

"நேத்துக் காலையில பைபாஸ்ல கொஞ்சம் வெரட்டிட்டேண்ணே. அதனாலயா இருக்குமோ? என் தப்புதானோ?"

தம்பிகளே, தங்கைகளே, இந்த இடத்தை நான் சுருக்கிச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். உடனே உண்மையைச் சொன்னேன் என்று எழுதினால் யார் வந்து கேட்கப் போகிறார்கள்? ஆனால் நான் சொல்லவில்லை. பாக்கணும் டாக்டரம்மா என்றேன். பார்த்தால் தெரியும் என்றேன். நாதஸ்வரக்காரர் ஒரு கீர்த்தனையை ஆரம்பித்து முடிக்கிற அளவு நேரம், புது வேட்டியோடு எஞ்சினைக் குனிந்து பார்ப்பது போல நடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டால் எனக்கு வேலை மிச்சம் என்று என் மனசு கணக்குப் போட்டது. இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

பிறகு கோயில் மதிலோரம் ஒதுங்கி ஸ்டோர்ஸ் அக்காவுக்குப் போன் போட்டேன். பட்டறை மூடும் நேரம். விஷயத்தைச் சொல்லி, அந்த வண்டிப் புத்தகத்தில் ஆயில் அளவு பார்க்கிற பக்கத்தை எடுத்துப் படிங்கக்கா என்றேன்.

"எவ்வளவு ஊத்துன?"

"ஒன்றரை லிட்டர்."

"டாக்டர்கிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் இல்லக்கா. முதல்ல நீங்க படிங்க, என்னன்னு தெரிஞ்சுக்கிட்டு..."

"புக்கு என் கையிலதான் இருக்கு. நீ போய்ச் சொல்லிட்டு வா, படிக்கிறேன்."

வைத்துவிட்டார். மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை. இரண்டாவது தடவையும் எடுக்கவில்லை. முப்பத்திரண்டு வருஷத்தில் அந்த மனுஷியை அவ்வளவு திட்டியது கிடையாது. திட்டிக்கொண்டே கூட்டத்துக்குள் நடந்தேன். வெள்ளை வண்டியின் கதவைத் திறந்து பிடித்திருந்தார்கள். மாப்பிள்ளையின் ஒரு கால் உள்ளே இருந்தது.

பெரியப்பாவுக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்காது என்ற பயத்தில் சத்தமாகவே வந்துவிட்டது. தவில்காரர்கூட நிறுத்திவிட்டார்.

"டாக்டரம்மா, தப்பு உங்க மேல இல்ல. காலையில நான்தான் யாருகிட்டயும் கேக்காம ஒன்றரை லிட்டர் ஆயில் கூட ஊத்திட்டேன். சொல்லாம மறைச்சதும் நான்தான்."

அவர் என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. குனிந்து எஞ்சினை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "மனுஷனுக்கு ஒன்றரை லிட்டர் ரத்தம் கூட ஏத்தியிருந்தா இந்நேரம் உங்களைத் தேடிப் போலீஸ் வந்திருக்கும்ணே" என்றார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். எடுத்துவிட முடியுமா, எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். அரை மணி நேரம் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். எடுக்க என்ன வழி என்று அப்போது எனக்குத் தெரியாது. அடியில் திறந்துவிடலாம் என்றால் அந்தத் தெருவில் வண்டியைத் தூக்க ஒன்றும் இல்லை, அதுவும் தரையோடு ஒட்டிக் கிடக்கிற வண்டி.

எல்லோரும் பெரியப்பாவைப் பார்த்தார்கள். அவர் வெள்ளை வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் வசவு வாங்கத் தயாராகிவிட்டேன்.

"அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சுன்னு உனக்குப் பள்ளிக்கூடத்துல யாரும் சொல்லித் தரலையா தம்பி?" என்றார். பிறகு டிரைவரிடம் திரும்பி, "வண்டி நின்னா மாறணும்னுதான் பேச்சு. அவளால நின்னாத்தானே அந்தப் பேச்சு? நீ போய் ஓரமா நிறுத்து" என்றார். நாதஸ்வரக்காரரிடம் இன்னும் நாலு உருப்படி வாசிக்கச் சொன்னார். பெண் வீட்டாருக்கு ஆள் அனுப்பினார். மாப்பிள்ளை காலை வெளியே எடுத்துக்கொண்டார்.

மறுபடி ஸ்டோர்ஸ் அக்காவுக்குப் போன் போட்டேன். இந்தத் தடவை முதல் மணியிலேயே எடுத்தார். சொல்லிட்டேன்கா என்றேன். ஸ்பீக்கரில் போடு என்று சொல்லிவிட்டுப் படிக்க ஆரம்பித்தார். சாதாரண வண்டியில் ஆயில் எஞ்சினின் அடியிலேயே தேங்கி நிற்கும். இந்த வண்டியில் அதற்குத் தனித் தொட்டி. வேகமாக வளைவில் திரும்பும்போது ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி எஞ்சின் காய்ந்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி. எஞ்சின் ஓடும்போதுதான் ஆயில் முழுசாகத் தொட்டிக்கு வரும். நிறுத்தி ராத்திரி முழுக்க ஆறவிட்டால் தொட்டியிலிருந்து எஞ்சினுக்குள் இறங்கிவிடும், குச்சி காய்ந்துதான் இருக்கும். அதனால் அளவு பார்க்க வேண்டியது சமதளத்தில், எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே. எங்கள் அப்பா செய்ததற்கு நேர் தலைகீழ். ஆறு மாதம் முன்னால் நான் ஊற்றியதில் ஒரு குறையும் இல்லை. இல்லாத தப்பை மறைக்கப் போய் ஒரு தப்பைச் செய்திருந்தேன்.

வழியை டாக்டரம்மாதான் கண்டுபிடித்தார். அவர் ஆஸ்பத்திரி அடுத்த தெரு. அங்கிருந்து ஒரு நர்ஸ் வந்தார். கையில் பெரிய சிரிஞ்சுகள், சாப்பிட முடியாதவர்களுக்கு மூக்கு வழியாக வயிற்றுக்குள் கஞ்சி செலுத்துவார்களே அந்த மெல்லிய குழாய்கள், ஆபரேஷனுக்குப் போடும் பச்சை அங்கி ஒன்று. டாக்டரம்மா பட்டுப் புடவைக்கு மேல் அங்கியை மாட்டிக்கொண்டார். சூடு கொஞ்சம் அடங்கட்டும், ஆனால் ஆயில் தொட்டியைவிட்டு இறங்குமுன் எடுத்துவிட வேண்டும் என்று ஸ்பீக்கரில் அக்கா சொன்னார். கொஞ்சம் பொறுத்து, குச்சி போகிற துளையில் குழாயை விட்டோம். டாக்டரம்மா சிரிஞ்சால் இழுத்துக் கொடுக்கக் கொடுக்க, நான் தண்ணீர் பாட்டிலில் பீய்ச்சிக்கொண்டிருந்தேன். ஒரு சிரிஞ்சுக்கு ஐம்பது மில்லி. முப்பது தடவை இழுக்க வேண்டும் என்று பெரியப்பா மனக்கணக்காகச் சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்று எண்ணினார். சூட்டில் குழாய் குழைந்து குழைந்து மூன்று மாற்றினோம். இருபத்தேழு ஆனதும் நான் போதும் போல இருக்கே என்றேன். பெரியப்பா முறைத்தார். முப்பது வரைக்கும் எடுத்தோம்.

வண்டியைச் சமமான இடத்துக்குத் தள்ளிவிட்டு, எஞ்சினைப் போட்டு, சூடேற விட்டு, ஓடிக்கொண்டிருக்கும்போதே குச்சியை உருவினேன். ஆயில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றது. போனில் சொன்னேன். சரி, வேட்டியில கறை பட்டிருக்கும், சீயக்காய் போட்டுத் துவைக்கச் சொல்லு என்று சொல்லிவிட்டு அக்கா வைத்துவிட்டார்.

புகைக்குழாயில் தங்கிய ஆயில் எரிந்து தீரும் வரைக்கும் முதல் தெருவில் புகை வந்துகொண்டுதான் இருந்தது. எஞ்சின் பின்னால் அல்லவா, பின்னால் நடந்து வந்த உறவுக்காரர்கள் எல்லோரும் இருமிக்கொண்டே வந்தார்கள். முக்கியமாக அந்தத் தலையாட்டிய நாலைந்து பேர். இரண்டாவது தெருவில் புகை நின்றுவிட்டது. மண்டப வாசலில் ஆரத்தி எடுத்தார்கள். மாப்பிள்ளை இறங்கினார். டாக்டரம்மா இறங்கி, கூட்டத்தில் என்னைத் தேடி, சாவியை என் கையில் கொடுத்தார். கொண்டுபோய் நிறுத்துங்கண்ணே என்றார். எனக்கு வாங்கக் கை வரவில்லை. நானா என்று கேட்டேன். வேற யாரு என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். வண்டியில் உட்கார்ந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாழ்க்கையிலேயே மிக மெதுவாக ஒரு வண்டியை ஓட்டினேன்.

மறுநாள் முகூர்த்தம் முடிந்ததும் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்து, பழையதைத் திறந்துவிட்டு, புது ஆயில் ஊற்றி, அளவு பார்க்கும் பக்கத்தை அக்கா முன்னால் நின்று வாய்விட்டுப் படித்தேன். அவர் வற்புறுத்தவில்லை. நானாகத்தான் படித்தேன். அவர் கேட்டுக்கொண்டே ஃபில்டர் அடுக்கிக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் நான் ஓய்வு பெறும் வரை அந்த வண்டிக்கு நான்தான் ஆயில் மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் டாக்டரம்மா தவறாமல், "ஓட விட்டுப் பாத்தீங்களாண்ணே?" என்று கேட்பார். நான் ஓய்வு பெற்ற நாள் டீ பார்ட்டிக்கு வந்திருந்தார். அன்றைக்குத்தான் அவரிடம் சொன்னேன். அந்தக் கீர்த்தனை முடிகிற வரைக்கும் நான் வாயைத் திறக்காமல் இருந்ததை, உங்கள் தப்பு என்று ஆகிவிட்டால் நல்லது என்று நான் நினைத்ததை. இத்தனை வருஷம் மனசில் கிடந்தது, சொல்லிவிட்டுப் போகிறேன் என்றேன்.

அவர் சமோசாவைக் கீழே வைத்தார்.

"எனக்குத் தெரியும்ணே. கோயிலுக்குக் கிளம்பறப்பவே வாழை மரத்தடியில காலி டப்பாவப் பாத்துட்டேன்."

தெரிந்துமா உங்கள் தப்பா என்று என்னிடம் கேட்டீர்கள் என்றேன்.

"என்ன மருந்து சாப்ட்டீங்கன்னு பேஷண்ட்டை நேரா மடக்கிக் கேட்டா பொய்தான் வரும். பழிய நம்ம மேல போட்டுக்கிட்டுக் கேட்டா, நல்லவங்களா இருந்தா தாங்க மாட்டாங்க, சொல்லிடுவாங்க. நீங்க கொஞ்சம் லேட்டு. ஒரு பாட்டு ஆயிடுச்சு."

சொல்லாமலே இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன். டப்பாவை எடுத்துக் காட்டியிருப்பீர்களா?

"எதுக்குண்ணே? தம்பி வெள்ளை வண்டியில போயிருப்பான். நான் திருச்சியில வேற மெக்கானிக் பாத்திருப்பேன்."

சமோசாவை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார்.

ஆகவே சிவப்புத் தொப்பித் தம்பி, புத்தகத்தைப் படியுங்கள், அதில் சொன்ன விதத்தில் அளவு பாருங்கள், இதெல்லாம் நான் சொல்லி நீங்கள் கேட்கப் போவதில்லை, ஸ்டோர்ஸில் இப்போது இருப்பவர் சொல்லியே நீங்கள் கேட்பதில்லையாம். ஒன்றே ஒன்று மட்டும் சொல்கிறேன். போன வாரம் நீங்கள் போன் பேசிக்கொண்டே ஊற்றியபோது கொஞ்சம் கூடிவிட்டது. காலி டப்பாவைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போட்டீர்கள். அந்த வண்டிக்காரரும் நானும் அப்போது அங்கேதான் நின்று பேசிக்கொண்டிருந்தோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய போன் நம்பர் உங்கள் ஜாப் கார்டிலேயே இருக்கிறது.